புழுவுக்கு ஒரு கொசுவலை

எங்கள் வீடு மதுரை திருநகரில். தோட்டம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. துவைக்கிற கல், அதையொட்டி ஆள் உயரக் கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, தொட்டிகளில் நாலு கத்தரிச் செடி, அவ்வளவுதான். ஐப்பசி மழையில் கறிவேப்பிலை துளிர் விட்டால் போதும், கறுப்பும் வெளிர் மஞ்சளுமாய் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து வட்டமடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்று பெயர். துளிருக்கு ஒன்றாகக் கசகசா அளவில் மஞ்சள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும்.

அதிலிருந்து வருகிற புழு, காக்காய் எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாய் இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி, ஒரு நெடி அடிக்கும் பாருங்கள்! பல வருஷமாக நான் அவற்றை இலையோடு கிள்ளி மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். ரசத்துக்கு இலை வேண்டாமா? ஐந்தாவது படிக்கும் என் மகள்தான் ஒருநாள், "அம்மா, அது பட்டாம்பூச்சிம்மா, மிதிக்காதேம்மா" என்று கையைப் பிடித்தாள்.

சரி என்று விட்டேன். ஏழு குட்டிப் புழுக்கள். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் எண்ணிவிட்டுத்தான் போவாள். ஒரு மத்தியானம் துணி உலர்த்தப் போனால், ஒல்லி இடுப்புக் குளவி ஒன்று புழுவைக் கடித்து, மென்று, உருண்டையாக்கித் தூக்கிக்கொண்டு பறக்கிறது. சன்ஷேடுக்கு அடியில் அதன் கூடு. சாயங்காலம் பார்த்தால் மிச்சம் மூன்று. குழந்தை சாப்பிடவே மாட்டேனென்று படுத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, கூட்டைக் கொளுத்திவிட்டேன்.

"ஏம்மா, அது பாட்டுக்கு இருந்துச்சு, அதைப் போயி…" என்றார் மாமியார்.

அந்த மாசம் கத்தரி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. குளவி இல்லாததால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு விஷயம் தெரிந்தபோது மனசு உறுத்தியது. பெரிய குளவி பெரும்பாலும் பூந்தேன் குடிப்பதுதான். புழுவை மென்று கொண்டுபோவது கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு. அதுவும் ஒரு தாய்தானே! கரும்பு போடுகிறவர்கள் ட்ரைக்கோகிரம்மா என்கிற, அரை மில்லிமீட்டர் கூட இருக்குமோ என்னவோ, அந்தக் குட்டிக் குளவியை அட்டையில் வாங்கி வந்து தோகையில் கட்டுகிறார்கள், துளைப்பான் முட்டையை அழிக்க. காசு கொடுத்து வாங்குவதை நான் கொளுத்தினேன்.

என் அப்பத்தா, குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார். சுவரில் மண்கூடு கட்டுகிற குளவியைச் சொல்வார். அந்தக் கூடு வீட்டில் வந்தால் பிள்ளை பிறக்கும் என்று உடைக்கவும் விடமாட்டார். உண்மையில் அது புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, முட்டையும் வைத்து மூடுகிறது. பொரிக்கிற குஞ்சுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு.

இப்போது நான் குளவியை ஒன்றும் செய்வதில்லை. பழைய கொசுவலையைக் கிழித்துப் பை மாதிரி தைத்து, புழு இருக்கிற கிளையில் மாட்டி, அடியில் நாடா போட்டுக் கட்டிவிடுகிறேன். மாட்டுமுன் கிளையில் எறும்பு, சிலந்தி இருக்கிறதா என்று இலை இலையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டின கதைதான். வலை இலையில் ஒட்டாமல் உப்பலாக நிற்கட்டும்.

இதிலும் ஒரு தடவை ஏமாந்தேன். வலைக்குள்ளேயே புழு கூட்டுப்புழுவாகித் தொங்கியது. குழந்தை நாள் எண்ணினாள். கடைசியில் கூட்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. உள்ளேயிருந்து கொத்தாகப் பொடிக் குளவிகள்! கொசுவலைக் கண்ணில் நுழைகிற அளவு அவை. அதிலிருந்து, முட்டையாகவோ பொடிப் புழுவாகவோ இருக்கும்போதே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். அகல வாய் பாட்டில், மேலே பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்ட். துளிரை நீருள்ள சின்ன மருந்து சீசாவில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும், புழு தண்ணீரில் விழாமலிருக்க. எச்சத்தைத் தினம் தட்டிவிடுங்கள். கூடு கட்ட ஒரு குச்சி சாய்த்து வையுங்கள். கடையில் வாங்கின கறிவேப்பிலை மட்டும் வேண்டாம்; ஒரு தடவை போட்டேன், மறுநாள் காலையில் எல்லாம் சுருண்டு கிடந்தன. மருந்தடித்த இலை போலிருக்கிறது. (அதைத்தான் நாம் தாளிக்கிறோம்!)

முட்டை பொரிக்க மூன்று நாலு நாள், புழுவாக இரண்டு வாரம் போல, கூட்டில் பத்து நாள் சுமார். 2019-ல் நம் மாநிலத்து வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மலைக்காட்டுக்காரன், திருநகருக்கு வரமாட்டான். நமக்கு இந்த எலுமிச்சைக்காரி போதும். கூட்டிலிருந்து வெளியே வரும்போது இறக்கை கசங்கித் தொங்கும். கைகொடுக்கிறேன் என்று இழுத்துவிடாதீர்கள். தானே விரிந்து, பிறகு உலரும்.

போன கார்த்திகையில் ஐந்து பறந்தன. சன்ஷேடுக்கு அடியில் மறுபடி ஒரு கூடு வந்திருக்கிறது. துணி உலர்த்தும் கொடியை அந்தப் பக்கமிருந்து இரண்டடி தள்ளிக் கட்டிக்கொண்டேன்.