குரலும் இதழும்: திரைப்பட உரையாடலில் எழுத்துப் பிறப்பியல்

மலாயாவில் அவசரகாலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், அரசாங்கத்தின் திரைப்பட வண்டிகள் ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று வந்தன. மாலையில் திடலில் வெள்ளைத் திரை கட்டப்பெறும். 1946இல் நிறுவப்பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் அதில் ஓடும். ஒரே படத்திற்கு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என மொழிதோறும் தனித்தனி விளக்கவுரை சேர்க்கப்பெற்றிருந்தது. தமிழில் பேசியவர் முகம் திரையில் தோன்றுவதில்லை; குரல் மட்டுமே கேட்கும். ஆகவே குரலுக்கும் வாய்க்கும் பொருத்தம் நாட வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

திரையில் ஒரு வாய் அசையுமாயின் நிலைமை வேறாகிவிடுகிறது. மலாய் பேசும் வாயொன்று அசைகிறது. நம் செவியில் தமிழ் விழுகிறது. இரண்டும் பொருந்தாவிடில் பார்ப்பவர் சிரித்துவிடுவர். பொருந்தச் செய்யும் கலையே ‘டப்பிங்’ எனப்படும் குரல் சேர்ப்பு. இக்கலைக்கும் தமிழ் வகுப்பில் மாணவர் பெரும்பாலும் வறட்சியானதென்று ஒதுக்கும் எழுத்துப் பிறப்பியலுக்கும் நெருங்கிய உறவுண்டு. அவ்வுறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை உறவு

குரலும் வாயும் திரையில் மூன்று வகையாக உறவு கொள்ளும். முதலாவது, வாயில்லாக் குரல். மேற்சொன்ன விளக்கவுரை இவ்வகையினது. இரண்டாவது, வாய் முன்னே அசைய, குரல் பின்னே சேர்வது. மொழிமாற்றுப் படங்கள் இவ்வகையின. மூன்றாவது, குரல் முன்னே பதிவாக, வாய் பின்னே அசைவது. பின்னணிப் பாடலும் கேலிச்சித்திரப் படமும் இவ்வகையின.

தமிழ்ப் பேசும்படம் 1931இல் ‘காளிதாஸ்’ என்னும் படத்தோடு தோன்றியது. தொடக்கத்தில் நடிப்பவரே பேசினர், அவரே பாடினர். 1938இல் ஏ. வி. மெய்யப்பர் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். ஒருவர் முகமும் மற்றொருவர் குரலும் தமிழ்த் திரையில் இணைந்தது அப்பொழுதுதான். ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் எடுக்கப்பெற்ற மலாய்ப் படங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. 1948இல் வந்த ‘சிந்தா’ படத்தில் கதாநாயகர் எஸ். ரூமாய் நூருக்குப் பின்னணி பாடியவர், பின்னாளில் புகழின் உச்சியை எட்டிய பி. ரம்லியே ஆவார்.

பாடலுக்கு அடுத்து உரையாடலும் இரவல் குரல் பெற்றது. மெய்யப்பரின் கன்னடப் படமான ‘ஹரிச்சந்திரா’ தமிழில் குரல் மாற்றப்பெற்று 1944இல் வெளிவந்தது. இந்திய மொழிமாற்றுப் படங்களுக்கு இதுவே முன்னோடி என்பர். கன்னடமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள். இரண்டிலும் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். முதல் முயற்சி இவ்விரு மொழிகளுக்கிடையே அமைந்தது உழைத்தவர்களுக்கு ஓரளவு உதவியாக இருந்திருக்கும்.

பதிவுக் கூடத்தில்

பழங்காலத்தில் படச்சுருளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டனர். அவ்வளையத்தை ‘லூப்’ என்பர். குரல் கொடுப்பவர் அதனை உற்று நோக்கி, திரையிலுள்ளவர் வாய் திறக்கும் கணத்தில் தொடங்கி, மூடும் கணத்தில் முடிப்பார். இன்று சுருளுக்கு மாறாகக் கணினி வந்துவிட்டது. ஆயினும் வேலையின் இயல்பு மாறவில்லை. உரையாடல் எழுதுபவர் மூன்றினைக் காத்தல் வேண்டும்: பொருள் பிறழக் கூடாது, நீளம் மிகவோ குறையவோ கூடாது, இதழசைவு முரணக் கூடாது. இம்மூன்றில் இறுதியதே கடினமானது.

பிறப்பியல் கூறுவது

எழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ஓர் இயலாகவே வைத்து விளக்கினார். பகரமும் மகரமும் இரு இதழும் பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறப்பது. உயிர்களுள் அ, ஆ இரண்டும் வாயை அங்காத்தலால் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவியப் பிறப்பன. எஞ்சிய இ, ஈ, எ, ஏ, ஐ என்னும் ஐந்திற்கும் இதழ் குவியாது.

இவ்விலக்கணத்தைப் படப்பிடிப்புக் கருவியின் கண்கொண்டு நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். மெய்யெழுத்துப் பதினெட்டில் பதினைந்து வாயின் உள்ளே பிறப்பன. ககரமா தகரமா, லகரமா ழகரமா என்பது திரையில் தெளிவாகத் தெரியாது. தெரிவன ப, ம, வ என்னும் மூன்றே. ஆகவே குரல் சேர்ப்புக்கு எழுதுபவர் பதினைந்து மெய்களில் உரிமை பெறுகிறார். மூன்றில் மட்டும் கட்டுண்டு நிற்கிறார். அம்மூன்றோடு இதழ் குவியும் ஐந்து உயிர்களையும் சேர்த்துக் கொண்டால் அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பட்டியல் முற்றுப் பெறும்.

நம் புலவர்களுக்கு இது புதிதன்று. திருக்குறளில் துறவு அதிகாரத்தின் முதற்குறளாகிய 341ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள். இதழ்கள் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. அதே அதிகாரத்தின் இறுதியில் நிற்கும் 350ஆம் குறளில் ‘பற்று’ என்னும் சொல் ஆறு முறை வருதலால் இதழ்கள் மீண்டும் மீண்டும் பொருந்துகின்றன. 17ஆம் நூற்றாண்டினரான சிவப்பிரகாச சுவாமிகள், இதழ் ஒட்டாத எழுத்துகளைக் கொண்டே ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’ பாடினார். புலவர்கள் திறம் காட்ட மேற்கொண்ட இக்கட்டுப்பாட்டையே திரைப்பட உரையாடல் எழுதுபவர் அன்றாட வேலையாக மேற்கொள்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு

நம் பிள்ளைகள் நன்கறிந்த மலாய்க் கேலிச்சித்திரத் தொடர் ‘உப்பின் இப்பின்’. 2007இல் தொடங்கிய இத்தொடரைத் தமிழாக்குவதாகக் கொள்வோம்.

‘தீடாக்’ என்னும் மலாய்ச் சொல்லில் இதழ் பொருந்துவதில்லை. ‘இல்லை’ என்பதிலும் அப்படியே. அசையும் இரண்டுக்கு இரண்டு. எனவே இடர்ப்பாடில்லை. ‘ஜாங்ஙான்’ என்பதற்கு ‘வேண்டாம்’ என எழுதினால் அசை பொருந்தும். ஆனால் வகரத்திலும் மகரத்திலும் வாய் மூட வேண்டும், திரையிலோ வாய் திறந்தே இருக்கும். ‘செய்யாதே’ என எழுதினால் ஓர் அசை மிகும். ஆயினும் இதழ் முரணாது. விரைந்து சொன்னால் மிகை அடங்கிவிடும். முகம் அண்மையில் தெரியும் காட்சியாயின் இரண்டாவதே ஏற்றது.

இனி, இப்பின் என்னும் சிறுவன் ஒரு சொல்லை மும்முறை அடுக்கிச் சொல்லும் வழக்கமுடையவன். ‘பெத்துல்’ என்று மும்முறை கூறுவான். இதற்கு ‘ஆமாம்’ என்பதே உடனே தோன்றும் சொல். ஆனால் மலாய்ச் சொல் மூடிய இதழில் தொடங்குகிறது. ‘ஆமாம்’ திறந்த வாயில் தொடங்கி மூடிய இதழில் முடிகிறது. மும்முறை அடுக்கினால் பிழை மும்மடங்காகும். ‘மெய்தான்’ என்றாலோ தொடக்கத்தில் இதழ் பொருந்தும், அசையும் இரண்டே, பொருளும் பிறழாது.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. பாலர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இக்காலத்தில் ‘மெய்தான், மெய்தான்’ என்று பேசுமா? பேசாது. இதழுக்கு ஏற்றது செவிக்கு ஒவ்வாமற் போகிறது. மொழிமாற்று உரையாடல் செயற்கையாகத் தோன்றுவதற்கு இதுவே தலையாய காரணம். நல்ல எழுத்தாளர் முகம் அண்மையில் தோன்றும்போது இதழுக்கு இடங்கொடுப்பார். முகம் தொலைவில் இருக்கும்போதும் திரும்பியிருக்கும்போதும் செவிக்கு இடங்கொடுப்பார். எப்பொழுதும் இதழையே நோக்குபவர் உரையாடலைக் கொன்றுவிடுவார்.

முறைப்பெயர்

தொடரிலுள்ள மூதாட்டியைப் பிள்ளைகள் ‘ஓப்பா’ என்றழைக்கின்றனர். ‘பாட்டி’ என்றால் இதழ் முதலசையிலேயே பொருந்திவிடும். ‘அப்பத்தா’ என்றால் மலாய்ச் சொல்லைப் போன்றே வாய் திறந்து, பின் பகரத்தில் மூடித் திறக்கும். ஆனால் அப்பத்தா தந்தையைப் பெற்றவர். தாயைப் பெற்றவராயின் ‘அம்மாச்சி’ என வேண்டும். மலாய்ச் சொல் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ் வற்புறுத்திக் கேட்கிறது. அவ்வாறே ‘அபாங்’ என்பதை ‘அண்ணன்’ எனவும் ‘கக்காக்’ என்பதை ‘அக்கா’ எனவும் ஐயமின்றி எழுதலாம். ‘அடேக்’ என்பதோ தம்பிக்கும் தங்கைக்கும் பொது. ஆங்கிலத்திலிருந்து வருவதாயின் அண்ணனா தம்பியா, நீயா நீங்களா என்பதும் தெரியாது. கதையின் உறவுகளை முற்றும் அறியாமல் ஒரு வரியேனும் தமிழில் எழுத இயலாது என்பது இதனால் விளங்கும்.

குரல் என்னும் அடையாளம்

சொல் பொருந்தினால் மட்டும் போதாது. குரலும் பொருந்த வேண்டும். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் உரையாடலைத் தோட்டத்து இளைஞரும் மனப்பாடம் செய்தனர் எனின், அதற்கு மு. கருணாநிதியின் எழுத்தோடு சிவாஜி கணேசனின் தெளிந்த உச்சரிப்பும் காரணமாகும். 1967 சனவரியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்ததால் எம்.ஜி.ஆரின் குரல் மாறிற்று. அதன் பின்னும் அவர் தம் குரலிலேயே பேசினார். மக்களும் அக்குரலையே ஏற்றுக்கொண்டனர்.

மற்றொருபுறம், இரவற்குரலை மக்கள் அறியாமலே நேசித்ததும் உண்டு. நடிகர் மோகனின் பல படங்களில் ஒலித்த குரல் எஸ். என். சுரேந்தருடையது. 1994இல் வந்த ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம். 1995இல் ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குக் குரல் கொடுத்தவர் ரோகிணி. படத்தைப் புகழ்ந்தவருள் எத்தனை பேர் இக்குரல்களுக்கு உரியவரை அறிந்து புகழ்ந்தனர்? நன்றாகச் செய்யச் செய்ய மறைந்து போவது இக்கலைஞரின் தொழில்.

வாய் குரலைப் பின்பற்றும் காலம்

மூன்றாம் வகைக்கு வருவோம். கணினி விளையாட்டுகளில் வரும் மாந்தருக்கு வாய் என்று தனியே ஒன்றில்லை, வரைந்ததே வாய். குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப இதழசைவை அமைக்க இயலும். குரல் கொடுப்பவர் முழுக்கதையையும் ஒரே ஒழுங்கில் நடிப்பதில்லை. ஆடுபவர் வென்றால் ஒரு வரி, தோற்றால் ஒரு வரி என்று நூற்றுக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியே பேசுவார். அவ்வேலையும் கடினமானதே. ஆனால் பகர மகரத் தளை இங்கில்லை. பிள்ளை பேசும் தமிழைப் பிள்ளையின் வாயில் அப்படியே வைக்கலாம்.

தமிழ் வாழ்வும் இத்துறையில் இடம்பெறத் தொடங்கிவிட்டது. கனடாவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலையும், தாய்மொழியை நழுவவிடும் மகனையும் பற்றியது. 2024இல் அது பிரித்தானியாவின் பாஃப்டா விருது பெற்றது. அதில் உரையாடல் பெரும்பாலும் எழுத்து வடிவில் நிகழ்கிறது. நம் நாட்டில் 2015இல் வந்த ‘ஜகாட்’ திரைப்படத்தின் பெயரே ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் பெற்ற வடிவம். மலேசியத் தமிழர் பேசும் மொழியையே மாந்தர் பேசிய அப்படம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. இரவல் நடை வேண்டியதில்லை. நம் மக்கள் பேச்சும் திரைக்குத் தகும் என்பதற்கு இதுவே சான்று.

வகுப்பறையில்

இவை அனைத்திலும் தமிழாசிரியர்க்கு ஒரு பணி உண்டு. தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் நகரை அடைந்துவிட்ட இந்நாளில், பல பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்கும் தமிழினும் திரையில் கேட்கும் தமிழே மிகுதி. அது செயற்கைத் தமிழாயின் அதையே கற்பர். எது செயற்கை, ஏன் செயற்கை என்று கண்டறியும் செவியை அவர்களுக்கு அளிப்பது பள்ளியின் கடமை.

கேட்டல், பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு மணித்துளி ஓடும் மலாய்க் கேலிச்சித்திரம் ஒன்று போதும். ஒலியை அடக்கி ஓடவிடுக. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கண்ணாடி இருக்கட்டும். ப, ம, வ மூன்றையும் சொல்லித் தம் இதழைத் தாமே காணட்டும். பிறகு திரையிலுள்ள இதழ் மூடும் இடங்களைக் குறிக்கட்டும். அதன்பின் குழுவாக அமர்ந்து தமிழ் உரையாடல் எழுதிப் பேசட்டும். ‘மெய்தான்’ என்பதா ‘ஆமாம்’ என்பதா என்று அவர்கள் வாதிடுவார்களாயின், பிறப்பியலும் அசையும் முறைப்பெயரும் வழக்குத் தமிழும் ஒரே பாடத்தில் உயிர் பெற்றுவிடும். தொல்காப்பியர் வகுத்த இலக்கணம் தேர்வுத் தாளோடு முடிவதன்று, நாளை அவர்களுக்கே ஒரு தொழிலாகவும் அமையலாம் என்பதையும் அப்பொழுது ஆசிரியர் எடுத்துரைக்கலாம்.