செட்டு மாத்திரையும் ஜீவாமிர்தமும்

நம் கூட்டங்களில் யூரியா என்று சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் செத்துப்போகும் என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் காரணம். அதே ஆட்கள் மெடிக்கலில் நின்று, "ரெண்டு நாளா காய்ச்சலுங்க, ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவதையும் பார்க்கிறேன். அந்தச் செட்டில் பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். அமாக்சிசிலினோ, அசித்ரோமைசினோ. அதுவும் நுண்ணுயிரைக் கொல்கிற சரக்குதானே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுந்தான் கொல்லும். சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றை இந்த மாத்திரை தொடவே தொடாது. சாதாரணச் சளிக்காய்ச்சல் நாலாம் நாள் தானாக இறங்கிவிடும். பேர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடும்.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் மக்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நம் நாட்டில் கேட்கப்பட்டவர்களில் 75 சதவீதம் பேர் சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொரு பதில். மருந்து பலிக்காமல் போவது ஏன் என்றால், உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது என்று 12 நாடுகளையும் சேர்த்து 76 சதவீதம் பேர் நினைக்கிறார்கள். நம் ஊரிலும் இதே பேச்சுதான்: "எனக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சுங்க, இப்பல்லாம் கேக்கறதில்லை."

பழகுவது உடம்பு இல்லீங்க, கிருமி.

பருத்தி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எண்பதுகளில் செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் வந்தபோது காய்ப்புழு கொத்துக்கொத்தாக விழுந்தது. சில வருஷத்தில் அதே மருந்தை எத்தனை தடவை அடித்தாலும் புழு நகர்ந்துகொண்டே இருந்தது. சாகாமல் தப்பின புழு குட்டி போட்டது, குட்டிகளும் தப்பின. பிறகு 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. இன்றைக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தின்று செரிக்கிறது. பழகினது பருத்திச் செடியா? புழுதானே. நம் குடலிலும் மாட்டு மடியிலும் நடப்பது இதேதான். ஒரு வித்தியாசம், பாக்டீரியாவுக்குத் தலைமுறை என்பது சில நிமிஷம், சில மணி நேரம். தான் கற்ற வித்தையைப் பக்கத்தில் இருக்கிற வேறு சாதி பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். அதனால் நான் தின்ற மாத்திரையின் விளைவு என்னோடு நிற்பதில்லை. நாளைக்கு எவர் வீட்டுப் பிள்ளைக்கோ நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, பலிக்க வேண்டிய மருந்து பலிக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அதிலும் வீரியமான சிலவற்றை ஷெட்யூல் எச்1 என்று பிரித்து, 2014 மார்ச் முதல் தனிப் பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக்கொடுத்த டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எவ்வளவு என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். மூணு வருஷம் வைத்திருக்க வேண்டும். வங்கியில் காலம் தள்ளினவன் என்பதால் பதிவேடு பற்றி எனக்கு ஒன்று தெரியும். ஆடிட்டர் வருவார் என்றால்தான் அது ஒழுங்காக இருக்கும். வராவிட்டால் வெறும் நோட்டு.

வாங்குகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. டவுனுக்குப் பஸ், டாக்டர் ஃபீஸ், போன ஒரு நாள் கூலி என்று பார்த்தால் ஐந்நூறு ரூபாய் காணாமல் போகும். செட்டு மாத்திரை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதும் மருந்தும் இலவசம் என்பதை அந்தக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி மாட்டுக்கு வருவோம். நமக்கு அங்கேதான் பெரிய சிக்கல்.

போன தை மாதம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டுக் கலப்பின மாட்டுக்கு மடிநோய். பைக்கில் வருகிற ஒருத்தர் மூணு நாள் ஊசி போட்டார். மடி வீக்கம் வற்றியது. நாலாம் நாள் காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்க மோரு கெட்டுப்போச்சாட்ட இருக்குது, பாலு உறையவே மாட்டீங்குது, கொஞ்சம் உறைமோர் குடு கண்ணு" என்று என் மருமகளிடம் வாங்கிப் போனார். அதுவும் உறையவில்லை. மோரில் குற்றமில்லை. பாலில் இறங்கியிருந்த மருந்து, தயிராக்குகிற பாக்டீரியாவை வேலை செய்ய விடவில்லை. அதே பால்தான் அந்த மூணு நாளும் சொசைட்டிக்கும், இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் போயிருந்தது.

என்ன ஊசி என்று அண்ணனைக் கேட்டேன். "தெரியலீங்க, வெள்ளையா இருந்துச்சு" என்றார். சீட்டு இல்லை, பாட்டிலையும் அவர் கொண்டுபோய்விட்டார். ஒவ்வொரு மருந்துக்கும் ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று லேபிளில் கெடு இருக்கும். மருந்தின் பேரே தெரியாதபோது எந்தக் கெடுவைப் பார்ப்பது?

பாலோடு போகவில்லை. டெட்ராசைக்ளின் மாதிரி மருந்துகளில் பெரும்பங்கு சாணத்திலும் மூத்திரத்திலும் அப்படியே வெளியே வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? 200 லிட்டர் தண்ணீரில் பத்து கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் போட்டுக் கலக்கி, நுண்ணுயிர் பெருகட்டும் என்று காத்திருக்கிறோம். ஊசி போட்ட மாட்டின் சாணம் அந்தப் பீப்பாயில் விழுந்தால், பெருகுவது மருந்துக்கு அசையாத பாக்டீரியாவாக இருக்கலாம். அதை நம் கையாலேயே வயலெங்கும் ஊற்றுவோம். ஊசி போடும் நாளிலும் பால் கெடு முடியும் வரையிலும் அந்தச் சாணத்தைத் தனியாகப் போட்டு, சூடேறி நன்றாக மக்கவிட்ட பிறகே எடுங்கள். ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யாவுக்கும் வேண்டாம்.

மடிநோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் வேறு வழி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறையைத்தான் இன்று தேசிய பால்வள வாரியமும் சொல்லித் தருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்க வேண்டும். மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். பத்துத் தடவை என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். காலையும் மாலையும் தடவிவிட்டு, நாட்டு வைத்தியம் கேட்கவில்லை என்பார்கள்.

மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு படுத்துவிட்டால், பாலில் ரத்தம் வந்தால், கற்றாழையோடு மல்லுக்கட்ட வேண்டாம். 1962-க்குக் கூப்பிடுங்கள். டாக்டர் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்றால் போடட்டும், சொன்ன நாள் முழுக்கப் போடட்டும். இந்த மருந்துகள் நமக்கு எதிரி அல்ல. காசநோய்க்கு முதலில் பலித்த ஸ்ட்ரெப்டோமைசினை 1943-ல் அமெரிக்காவில் எடுத்தது எதிலிருந்து தெரியுமா? நிறைய எருவிட்ட தோட்ட மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து. முதல் மழைக்கு மண் வாசம் அடிக்கிறதே, அதைத் தருகிற கூட்டத்தைச் சேர்ந்ததுதான் அதுவும்.

எங்கள் கொட்டகைத் தூணில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, மாட்டின் பேர், மருந்தின் பேர், எத்தனை மில்லி, யார் போட்டது, பால் எந்தத் தேதி வரை ஊற்றக்கூடாது என்று ஆறு கட்டம். ஊசி போட வருகிறவர் அவர் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் மாட்டேன் என்றார். அவரை இப்போது கூப்பிடுவதில்லை. பங்குனியில் அண்ணனும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கட்டிவிட்டார்.