அங்கில்லாதவருக்கும் விளங்கும் படம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் விட்டுவந்தவற்றைக் கணக்குச் சொல்லும்போது வீடு, மாடு, உழவு இயந்திரம் என்றுதான் தொடங்குவார்கள். சற்றுப் பொறுத்துத்தான் கலியாண அல்பத்தைச் சொல்வார்கள். அது எரிந்ததா, கறையான் தின்றதா என்பது பலருக்கு இன்றும் தெரியாது.

அந்த நாட்களில் படம் பிடிப்பது செலவான காரியம். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். கழுவி எடுக்கும்வரை எது சரி, எது பிழை என்று தெரியாது. இன்று கைத்தொலைபேசியிலேயே டிஜிற்றல் கமரா இருக்கிறது. பத்துப் படம் பிடித்து ஒன்பதை அழித்தாலும் சதமும் செலவில்லை. ஆனால் எமது தொலைபேசிகளில் நிறைந்து கிடக்கும் படங்களில் எத்தனை, அவ்விடத்தில் இல்லாத ஒருவருக்கு விளங்கும்? ஊர்க்காணியைக் கண்டிராத பிள்ளைக்கும், எமது தோட்டத்தை இன்னும் பார்க்காத விவசாயப் போதனாசிரியருக்கும் விளங்கவேண்டும். நல்ல படம் என்பதற்கு அதுவே எமது அளவுகோல்.

முதல் வேலை துடைப்பது. தோட்ட வேலை செய்த கையின் வியர்வையும் மண்ணும் கமராக் கண்ணாடியில் படிந்துவிடும். படம் புகைமூட்டமாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மண்ணை ஊதிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். உச்சி வெயிலில் முகத்தைப் பிடித்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிகள்தான் தெரியும். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து விழுவதால் முகமும் நிலமும் தெளிவாக வரும். நடுப்பகலில்தான் பிடிக்கவேண்டுமென்றால் ஆளை விறாந்தை நிழலில் வெளியைப் பார்க்க இருத்துங்கள். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஆள் கரிய நிழலாகிவிடுவார். வேப்பமர நிழல் குளிர்ச்சிதான். ஆனால் இலைகளுக்கூடாக விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகப் படும். தகரக் கொட்டிலுக்குள் இரவில் பிளாஷ் போட்டால் அந்த வெளிச்சம் சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். முன்னால் இருப்பவர் வெளிறிப்போக, பின்னால் இருப்பவர் இருட்டிலேயே இருப்பார்.

தூரத்தில் நின்று விரலால் விரித்துப் பெரிதாக்குவதை விட்டுவிடுங்கள். சாதாரண தொலைபேசியில் அப்படிச் செய்தால் படத்தின் ஒரு துண்டு பெரிதாகிறதே தவிர, புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. நாலு அடி முன்னே நடந்து போவதே மேல்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். படத்தால் உடனடிப் பலன் கிடைக்கும் இடம் இதுதான். சோளத்தைத் தின்னும் படைப்புழு 2018 இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. அதன் தலையில் தலைகீழான ‘வை’ என்னும் ஆங்கில எழுத்தைப் போன்ற வெளிறிய கோடு இருக்கும். வால் பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். மற்றப் புழுக்களிலிருந்து அதைப் பிரித்தறிவது இவற்றை வைத்துத்தான். எனவே இந்த இரண்டும் தெரியாத புழுப்படத்தை அனுப்பிப் பலனில்லை. புழுவை ஒரு வெள்ளைத் தாளில் விட்டு, பக்கத்தில் தீக்குச்சி ஒன்றை அளவுக்கு வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, திரையில் புழுவின் மேல் விரலால் தொட்டுவிட்டுப் பிடியுங்கள். அதைவிடக் கிட்டப் போனால் பல தொலைபேசிகளில் படம் கலங்கிவிடும்.

மிளகாய் இலைச் சுருளலும் அப்படித்தான். பனிப்பூச்சி தாக்கினால் இலை பொதுவாக மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். இரண்டுக்கும் அடிக்கும் மருந்து ஒன்றல்ல. மேலிருந்து பிடித்த படத்தில் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று தெரியாது. செடியின் மட்டத்துக்குக் குந்தியிருந்து பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்புறத்தைத் திருப்பி ஒன்று, முழுச் செடியும் தெரிய ஒன்று, பாத்தி முழுவதும் தெரிய ஒன்று என நான்கு படங்கள் எடுத்தால், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துடன் கதைக்கும்போதும் அவற்றைப் பார்த்துப் பார்த்தே பதில் சொல்லலாம்.

காணிக்கும் இதே முறைதான்: தூரம், நடு, கிட்ட. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களில் பலர், காணி விடுபட்டுத் திரும்பிப் போனபோது வேலியும் ஒழுங்கையும் இருந்த தடமே இல்லாதிருக்கக் கண்டார்கள். அத்தகைய இடத்தில் கிணற்றை மட்டும் பிடித்தால் அது எவருடைய கிணறாகவும் இருக்கலாம். முதலில் தெருவும், கோயில் கோபுரம் அல்லது பள்ளிக்கூடம் போன்ற இடம்மாறாத ஒன்றும் சேர்ந்து தெரியப் பிடியுங்கள். பிறகு கிணறும் அத்திவாரமும் ஒன்றாகத் தெரியப் பிடியுங்கள். அதன்பின் எல்லைக்கல், கட்டில் பொறித்த ஆண்டு முதலியவற்றைக் கிட்டப்போய்ப் பிடிக்கலாம். ஆனால் படைமுகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில் ஒரு படத்துக்காக ஓரடிகூட உள்ளே வைக்கக்கூடாது.

காணியின் படம் உறுதிக்கு ஈடாகாது. ஆகவே உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பக்கம் பக்கமாகப் பிடித்துவையுங்கள். மூலப்பத்திரம் தொலைந்தால் காணிப் பதிவகத்தில் தேடுவதற்கு உறுதி இலக்கமும், நொத்தாரிசின் பெயரும், திகதியும் பெரிதும் உதவும். அவை வாசிக்கக்கூடியதாக இருக்கின்றனவா என்று அந்த இடத்திலேயே பெருப்பித்துப் பாருங்கள். யன்னலோரத்தில் தாளைத் தட்டையாக விரித்து, தொலைபேசியை நேர்மேலே பிடித்து, நான்கு மூலையும் தெரிய எடுக்கவேண்டும். பிளாஷ் வேண்டாம், பிளாத்திக்கு உறையிட்ட தாளில் அது வெள்ளைப் பொட்டாக விழும்.

வெளிநாட்டிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் பழைய குடும்பப் படங்கள் தப்பியிருக்கலாம். அவர்களிடம் கேளுங்கள். ஒட்டியிருக்கும் படத்தை அல்பத்திலிருந்து பிய்க்காமல், நிழலில் வைத்து, மினுக்கம் விழாத கோணம் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றக்கூடியதாயின் பின்பக்கத்தையும் பிடிக்கவேண்டும். பெயரும் ஸ்ரூடியோ முத்திரையும் அங்குதான் இருக்கும்.

படத்தை வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பினால் அது சுருக்கப்படும். பிடித்த நேரமும் இடமும் பற்றிய உட்பதிவும் போய்விடும். காணி, உறுதிப் படங்களை ‘ஆவணம்’ என்ற தெரிவின் மூலம் அனுப்புங்கள். தொலைபேசியில் திகதி சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பிரதியை மெமரி கார்ட்டிலும், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடமும் வைத்திருங்கள். ஒரே வீட்டிலுள்ள இரண்டு தொலைபேசிகளில் இருப்பது இரண்டு பிரதியல்ல. வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.