வென்றாரை வெறுப்பது ஏன்?

வெற்றி பெற்றவனை ஊரார் தோளில் தூக்கிக் கொண்டாடுவர் என்பது பொதுவழக்கு. ஆயினும் விளையாட்டு உலகில் இவ்வழக்குப் பலமுறை பொய்த்துப் போகின்றது. வெற்றிமேல் வெற்றி குவிப்பவரைக் கண்டு மக்கள் கூச்சலிட்டு இழித்துரைப்பதும், அவரிடம் தோற்றவரைப் போற்றுவதும் உண்டு. பொறாமையே காரணம் என்று ஒரே சொல்லில் இதனை முடித்துவிடுவார் பலர். அவ்விடை போதுமா என்று பார்க்க நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. கோலாலம்பூருக்குத் தெற்கே, முன்பு செம்பனை நின்ற மண்ணில் 1999-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செப்பாங் பந்தயத் தடமே போதிய சான்று தரும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு மோட்டார் பந்தயம் புதிதன்று. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பத்து தீகாவில் 1968 முதல் ஒரு தடம் இருந்தது. இன்று அது இல்லை. பின்னர் வந்த செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை 'பார்முலா ஒன்' எனப்படும் உலகப் பெரும் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெற்றது. ஆனால் அப்பந்தயத்தில் மலேசியர் என்று சொல்லிக்கொள்ள அலெக்ஸ் யூங் ஒருவரே இருந்தார். அவரும் 2001, 2002 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஓட்டி விலகினார். ஆகவே பிரிக்பீல்ட்சில் தேநீர்க் குவளையுடன் தொலைக்காட்சி முன் அமர்ந்தவரும், கிள்ளானில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவரும் யாரோ ஒரு ஜெர்மானியரையோ ஆங்கிலேயரையோ தம்மவராகத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. நாட்டுப்பற்று வழிகாட்டாத அத்தேர்வில், ஓட்டுபவரின் குணத்தைவிடப் பார்ப்பவரின் மனமே மிகுதியாக வெளிப்படும்.

செபாஸ்தியன் வெட்டல் என்ற ஜெர்மானியரை எடுத்துக்கொள்வோம். இவர் தச்சர் ஒருவரின் மகன். 2010-இல் தம் 23-ஆம் வயதில் உலக வாகையர் ஆனார்; அத்துணை இளமையில் அப்பட்டம் பெற்றவர் அதற்குமுன் எவருமிலர். தொடர்ந்து 2013 வரை நான்கு ஆண்டுகளும் பட்டம் அவருக்கே. செப்பாங்கில் மட்டும் 2010, 2011, 2013, 2015 என நான்கு முறை வென்றார். இவற்றுள் ஒரு வெற்றி உலகமெங்கும் வெறுப்பை ஈட்டியது. மற்றொன்று அன்பை ஈட்டியது. தடம் ஒன்று, மனிதர் ஒருவர், வெற்றியும் ஒன்றே. பின் வேறுபாடு எங்கே இருந்து வந்தது?

வெறுப்பின் முதல் விதை 2012-ஆம் ஆண்டு மார்ச் 25-இல் விழுந்தது எனலாம். மழையில் நனைந்த அன்றையப் பந்தயத்தில், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் எல்லாரினும் வலிமை குன்றிய எச்.ஆர்.டி. அணியின் வண்டியை ஓட்டினார். முதலிலேயே மழைச் சக்கரங்களைப் பூட்டிப் புறப்பட்ட துணிவால், சிறிது நேரம் பத்தாம் இடத்திலும் நின்றார். பின்னர் உலக வாகையர் இருவர் வெவ்வேறு நேரத்தில் அவர் வண்டியோடு மோதிக்கொண்டனர். ஒருவர், 2009-ஆம் ஆண்டின் வாகையர் ஜென்சன் பட்டன். பிழை தம்முடையது என்று அவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் வெட்டல். கார்த்திகேயனை ஒரு சுற்று முந்திச் செல்லும்போது உரசியதில் அவருடைய பின்சக்கரம் கிழிந்தது. 11-ஆம் இடத்தில் முடித்தார். புள்ளி ஒன்றும் கிட்டவில்லை. சினம் பொங்க, உதவாக்கரை ஓட்டிகளை இகழ ஜெர்மன் மொழியில் வழங்கும் 'வெள்ளரிக்காய்' என்ற வசையைத் தொலைக்காட்சியில் வீசினார். கார்த்திகேயனோ, அழுகுணிப் பிள்ளைபோல் நடந்துகொள்கிறார் என்று திருப்பிக் கொடுத்தார்.

நடுவர்கள் கார்த்திகேயனுக்கே 20 நொடி தண்டம் விதித்தனர் என்பதை மறைத்தல் கூடாது. விதிப்படி நியாயம் வெட்டல் பக்கம் இருந்தது. எனினும் முதலிடத்தான் கடைசி இடத்தானை ஏசிய காட்சியே நினைவில் நின்றது. தண்டம் பலர்க்கு நினைவில்லை.

அடுத்த ஆண்டு, 2013 மார்ச் 24. வெட்டலும் அவருடைய அணித்தோழர் மார்க் வெப்பரும் ரெட் புல் அணிக்காக முன்னிரு இடங்களில் ஓடிக்கொண்டிருந்தனர். வெப்பர் முன்னே, வெட்டல் பின்னே. இருவரும் மோதி இரண்டு வண்டியையும் இழந்துவிடக்கூடாது என்று அஞ்சிய அணித்தலைமை, இருக்கும் வரிசையிலேயே முடிக்குமாறு குறிச்சொல் வழியே ஆணையிட்டது. ஆணையை நம்பி வெப்பர் தம் பொறியின் விசையைத் தணித்தார். வெட்டல் அதனை மீறி, 56 சுற்றில் ஏறத்தாழப் பத்துச் சுற்று எஞ்சியிருக்கையில், தோழரை முந்தி வென்றார். பரிசு மேடையில் நின்ற மூவரில் எவர் முகமும் மலரவில்லை.

மூன்றாமவர் லூயிஸ் ஹாமில்டன். அவர் பின்னால் வந்த அணித்தோழர் நிக்கோ ரோஸ்பெர்க்குக்கும் முந்தாதே என்ற ஆணை பிறந்திருந்தது. முந்தும் விரைவு இருந்தும் அவர் பணிந்து நான்காமவராக முடித்தார். இந்த இடத்தில் நிற்கவேண்டியவர் ரோஸ்பெர்க் என்று ஹாமில்டன் மேடையிலேயே சொன்னார். ஒரே நாளில், ஒரே மேடையில், பெற்றதற்கு நாணியவரும் பறித்து நின்றவரும் அருகருகே காட்சியளித்தனர். இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

வெட்டல் பக்கத்தையும் சொல்லவேண்டும். முந்திய ஆண்டில் அவர் பட்டம் வென்றது 281-க்கு 278 என்ற கணக்கில், மூன்றே புள்ளி மிகையால். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வேறுபாடோ ஏழு புள்ளி. மூன்று புள்ளியில் வாழ்வும் தாழ்வும் கண்டவர் ஏழு புள்ளியை விட்டுக்கொடுக்கத் தயங்கியது இயல்பே. ஆனால் அன்று மாலை மன்னிப்புக் கேட்டவர், சில வாரம் கழித்துச் சீனாவில், அத்தகைய நிலை மீண்டும் வந்தால் அவ்வாறே செய்யக்கூடும் என்றும், வெப்பர் அவ்வெற்றிக்கு உரியவரல்லர் என்றும் கூறினார். குற்றத்தைவிட இந்தச் சொல்லே மக்களை மிகவும் சுட்டது. ஆண்டு முடிவில் அவர் புள்ளி 397. அடுத்து வந்த அலோன்சோவின் புள்ளி 242. பறித்த ஏழும் கணக்கில் தேவைப்படவேயில்லை.

அவ்வாண்டு முழுவதும் மான்ட்ரியாலிலும் மான்சாவிலும் சிங்கப்பூரிலும் பரிசு மேடையில் நின்ற அவரை நோக்கிக் கூச்சல் எழுந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் அவருடைய வண்டி பழுதாகி நின்றபோது கூட்டம் ஆரவாரித்தது.

இக்கூச்சல் அனைத்தையும் ஒரே பையில் போடலாகாது. இத்தாலியின் மான்சாவில் எழுந்தது வெறும் கட்சிக் கூச்சல். பெராரியை வெல்பவர் எவராயினும் அங்கே ஏச்சு வாங்குவர். இதே வெட்டல் 2008-இல் டோரோ ரோசோ என்ற சிறிய இத்தாலிய அணிக்காக அங்கே வென்றபோது அவ்வூரார் அவரைக் கொண்டாடினர். வேறு சிலருடைய குறை, ஓடியது வண்டியே, ஓட்டியவரல்லர் என்பது. அதே வண்டியை ஓட்டிய வெப்பர் 2013-இல் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. வெட்டல் வென்றவை 13. எனவே அக்குறை நிற்காது. வண்டியின் பெருமையை வெட்டலே மறுத்தவருமல்லர். அவ்வாண்டு அக்டோபரில் தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நான்காம் பட்டத்தை உறுதி செய்தவுடன், வண்டியைச் சுழற்றி நிறுத்தி, கூட்டத்தின் முன்னே இறங்கி அதனை மண்டியிட்டு வணங்கினார். அதற்காக நடுவர்கள் அவரைக் கண்டித்ததும் அணிக்குத் தண்டம் விதித்ததும் வேறு கதை.

அணியின் ஆணையை மீறியதுதான் மக்களைப் புண்படுத்தியது என்றால், அதுவும் முழு உண்மையன்று. 2002-இல் ஆஸ்திரியாவில் முன்னணியில் ஓடிய பாரிக்கெல்லோ, பெராரி அணியின் ஆணைக்குப் பணிந்து, எல்லைக்கோட்டின் அருகே வேகம் குறைத்துத் தோழர் மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். கூட்டம் கொதித்தது. ஷூமாக்கர் தோழரைப் பரிசு மேடையின் உச்சிப் படியில் ஏற்றியும் கூச்சல் அடங்கவில்லை. அங்கே ஆணைக்குப் பணிந்ததற்கு ஏச்சு. செப்பாங்கில் ஆணையை மீறியதற்கு ஏச்சு! இரண்டையும் இணைக்கும் இழை ஒன்றுதான். ஈரிடத்தும் இருப்பவன் இல்லாதவனிடமிருந்து எடுத்துக்கொண்டான். இதே ஷூமாக்கர், கால் முறிந்து தேறி வந்து, 1999-இல் செப்பாங்கின் முதற் பந்தயத்தில் தோழர் எடி இர்வைனுக்கு வழிவிட்டு இரண்டாமிடம் கொண்டார். அதுவும் அணியின் ஏற்பாடே. ஆயினும் வல்லவர் கொடுத்த ஏற்பாடு ஆதலின், அதனைப் பெருந்தன்மை என்றே மக்கள் பேசினர்.

இந்நோக்கு நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார், வெண்ணிப் போரில் வென்ற கரிகால் வளவனை நேர்நின்று விளித்து, அவன் வெற்றியை ஏற்றுக்கொண்டே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் அவனினும் நல்லன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார். பாடியவர் சோழநாட்டு வெண்ணி ஊரினர். பாடப்பெற்றவன் அந்நாட்டு அரசன். அவருக்குப் பொறாமை என்று யார் கூறுவர்? வென்றவன் யார் என்பது ஒரு வினா, நல்லவன் யார் என்பது வேறொரு வினா என்று அப்புலவர் பிரித்துக் காட்டினார். பந்தயத் தடத்தின் வேலியோரம் நிற்பவனும் இவ்விரண்டாம் வினாவையே தன் குரலில் எழுப்புகிறான். குரலில் நயமில்லை என்பது மெய்தான்.

இல்ல விளையாட்டுப் போட்டிகளை ஆண்டுதோறும் காணும் ஆசிரியர்க்கும் இது பழகிய செய்தி. ஒரே இல்லம் மூன்றாண்டு தொடர்ந்து சுழற்கிண்ணத்தை எடுத்துச் சென்றால் மற்றப் பிள்ளைகள் முணுமுணுப்பர், மறுநாள் மறப்பர். ஆனால் கடைசியாக ஓடிவந்த சிறுவனைப் பார்த்து முதலில் வந்தவன் கைகொட்டிச் சிரித்தால், அவன் இல்லத்துப் பிள்ளைகளே முகஞ்சுளிப்பர். முதலாவது மனத்தாங்கல், இரண்டாவது தீர்ப்பு.

இதற்கு விலக்கும் செப்பாங்கிலேயே உண்டு. 2015 அக்டோபர் 25-இல் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வலன்டினோ ரோசியும் மார்க் மார்க்கெசும் உரசிக்கொண்டனர். விழுந்தவர் மார்க்கெஸ், தண்டிக்கப்பட்டவர் ரோசி. ஆயினும் பல ஆண்டு ஏச்சு வாங்கியவர் விழுந்தவரே! ரோசிமீது மக்கள் வைத்த அன்பு அவ்வளவு பழையது. அன்பு முந்திக்கொண்டால் தீர்ப்பு வாய் திறப்பதில்லை.

இனி வெட்டலிடம் மீள்வோம். 2015 மார்ச் 29-இல் பெராரியின் சிவப்பு வண்டியில் செப்பாங்குக்கு வந்தார். அப்போது முன்னணியில் இருந்தது மெர்சிடிஸ். பெராரி ஏறத்தாழ ஈராண்டாக ஒரு பந்தயமும் வெல்லவில்லை. கடும் வெயிலில் சக்கரங்களைக் காத்து, மெர்சிடிசினும் ஒருமுறை குறைவாக நிறுத்தி, வென்றார். எல்லைக்கோட்டைக் கடந்ததும் வானொலியில் அவர் குரல் தழுதழுத்தது. ஈராண்டுக்குமுன் அவரைக் கடிந்த பலரும் அன்று அவருக்காக மகிழ்ந்தனர். எவரிடமிருந்தும் பறிக்காத வெற்றி அது. 2021-இல், முன்பு தம் வண்டி நின்றதற்கு ஆரவாரித்த அதே சில்வர்ஸ்டோனில், பந்தயம் முடிந்தபின் பார்வையாளர் விட்டுச்சென்ற குப்பையை அவர் பொறுக்கியெடுத்த படம் உலகெங்கும் பரவியது. 2022-இல் ஓய்வு பெறும்போது அவரை ஏசிய குரல் அரிதாகிவிட்டது.

செப்பாங்கில் பார்முலா ஒன் கடைசியாக நடந்தது 2017 அக்டோபர் 1-இல். பொறி பழுதினால் எல்லாருக்கும் கடைசியில் புறப்பட்ட வெட்டல் நான்காவதாக முடித்தார். பந்தயம் முடிந்து திரும்பும் சுற்றில் வேறொரு வண்டி மோத, அவர் வண்டி பின்புறம் நொறுங்கித் தடத்திலேயே நின்றுவிட்டது. அவ்வாண்டு அணிகளின் வரிசையில் கடைசியாக நின்றது சாபர். அவ்வணியின் பாஸ்கல் வேர்லைன் தம் வண்டியை நிறுத்தினார். நான்கு முறை உலக வாகையர், கழற்றிய சுக்கானைக் கையில் பிடித்தபடி அவ்வண்டியின் விலாவில் ஏறி அமர்ந்து, கூடாரம் திரும்பினார்.