எலும்பு மெலியுது, கவனம்!

சகோதரிகளே! "பால்வாளி தூக்கி உரமேறிய உடம்பு, எனக்கு என்ன வரும்?" என்று இருந்துவிடாதீர்கள். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பு வேகமாக மெலியும்; வலியே தெரியாது.

வாசலில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்ததா? அதுதான் எச்சரிக்கை. கட்டுப் பிரித்ததோடு விடாமல், "எலும்பு அடர்த்தி பார்க்கணுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். அடுத்தது இடுப்பெலும்பாக இருந்தால் நடையே போய்விடலாம்.

தினமும் நடங்கள். நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். பசும்பாலும் முள்ளோடு நெத்திலியும் சேருங்கள்.

வாராந்தர மாத்திரை கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள். 30 நிமிடம் சாப்பிடவோ படுக்கவோ கூடாது. "வலிதான் இல்லையே"ன்னு டாக்டரைக் கேட்காமல் நிறுத்திடாதீங்க!