செய்தி சிதறாமல் சேர்வது எப்படி?

திருவட்டாறு என்னும் எங்கள் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள்? தி, ரு, வ, ட், டா, று என ஆறு. கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த ஊருக்குப் பெயரிலும் ஆறுதான்! ஆனால் இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டால் 11 என்றோ 33 என்றோ விடை வரும். ஏன் இந்த வேறுபாடு?

எழுத்தும் எண்ணும்

கணிப்பொறி எண்களை மட்டுமே அறியும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் ‘த’ என்பதற்கு ஓர் எண். இகரக் குறிக்குத் தனியே ஓர் எண். எனவே ‘தி’ இரண்டு எண்களாகும். ‘வ’ மட்டும் ஒன்று. கூட்டினால் 11. இவ்வெண்களை அனுப்ப யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கம் பயன்படுகிறது. அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ஆகவேதான் 33.

எங்கே வெட்டுவது?

கணிப்பொறிகள் வழியே பலர் கூடி உரையாடும் ஐஆர்சி என்னும் முறையை 1988இல் பின்லாந்தில் யார்கோ ஒய்கரினென் உருவாக்கினார். அனுப்புபவரும் பெறுபவரும் ஒப்புக்கொள்ளும் இத்தகைய விதித் தொகுப்பை நெறிமுறை என்கிறோம். 1993இல் எழுதப்பட்ட ஐஆர்சி விதிப்படி ஒரு செய்தி 512 பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது. வரிமுடிவுக்கு 2 போக மிஞ்சுவது 510. கட்டளைச் சொல், பெறுநர் பெயர் முதலியவையும் இதற்குள் அடங்க வேண்டும். நீண்ட செய்தியைத் துண்டாக்கித்தான் அனுப்ப இயலும்.

வகுப்பில் செய்து காட்ட நான் எழுதிய சிறு நிரல், பைட்டுகளை மட்டும் எண்ணி வெட்டியது. வரியின் இறுதியில் 10 பைட் இடம் இருந்தபோது ஊர்ப் பெயர் வந்தது. ‘திர’ வரை 9 பைட். பத்தாவதாக உகரக் குறியின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டது. முதல் வரியில் ‘திர’வும் ஒரு கேள்விக்குறியும், அடுத்த வரியில் குப்பைக் குறிகளும் ‘வட்டாறு’ம்! மாணவர் சிரித்தனர். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்ததே என் பிழை.

பொதியாக்குதல்

இத்தகைய நுணுக்கங்களை ஒருமுறை சரியாக எழுதி, யாவரும் எடுத்தாளும்படி வைப்பதே நிரல் நூலகம். மாத்தூர்த் தொட்டிப்பாலம் பரளியாற்றின் மேலே கால்வாய் நீரைக் குன்றுவிட்டுக் குன்று கொண்டு செல்கிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பாலமா கட்டினார்கள்? ஒன்றைச் சரியாகக் கட்டினார்கள். பல ஊர் வயல்கள் பயன்பெற்றன.

ஆனால் நிரலை எழுதினால் மட்டும் போதாது. அதைப் பொதியாகக் கட்ட வேண்டும். பொதியில் பெயர், பதிப்பெண், உரிமம், வேறு எந்த நூலகங்கள் தேவை என்னும் பட்டியல், சோதனைகள் ஆகியவை இருக்கும். பதிப்பெண்ணைப் பெரும்பாலும் மூன்று எண்களாக எழுதுவர். கடைசி எண் கூடினால் பிழை திருத்தம். நடு எண் கூடினால் புதிய வசதி. முதல் எண் கூடினால் பழைய பயன்பாடு முறியக்கூடும் என்று எச்சரிக்கை.

தமிழ் எழுத்துகளைப் பிரிக்கும் வேலையையும் நாமே செய்ய வேண்டியதில்லை. பைதான் மொழிக்கான ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் இலவசப் பொதி, சொல்லைக் கொடுத்தால் ஆறு எழுத்துகளாகவே பிரித்துத் தரும். அதைத் தேவைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். நிறுவும்போது அதுவும் உடன்வந்து சேரும்.

எனினும் பொதி செய்பவர் அறியாத மொழியை அவர் சோதனை பிடிக்காது. தமிழில் அனுப்பும் செய்தி முழுமையாகச் சேர வேண்டுமானால், சோதனைச் சொற்களைத் தமிழறிந்தவரே எழுதித் தர வேண்டும். இந்தப் பணிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். அதில் எத்தனை எழுத்து, எத்தனை குறி, எத்தனை பைட் என்று இன்றே கணக்கிட்டுப் பாருங்கள்.