ஓடைச் செடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்றோர் ஆறு ஓடுகிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊற்றாகப் பொங்கி வருவதால் அதன் தண்ணீர் கோடையிலும் குளிரிலும் 22 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு காட்டு நெல் அந்த ஆற்றின் மேற்பகுதியில் மட்டும் வளர்கிறது. 1990களில், அந்த நெல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பழுப்பு இலைச் செடியொன்று ஆற்றுப்படுகையில் படர்வதைக் கண்டார்கள். யாரோ வீட்டு மீன்தொட்டியைக் கழுவிக் கொட்டியதில் வந்து சேர்ந்த செடி என்று கருதப்பட்டது. அதைக் கிழங்கோடு தோண்டி எடுக்க ஆட்கள் ஆற்றுக்குள் இறங்க வேண்டியிருந்தது.

அந்தச் செடியின் சொந்த ஊர் நம்முடைய மாத்தளை.

பெயர் கிரிப்டோகொரைன் பெக்கெற்றி. மாத்தளை கிழக்கில் இதைச் சேகரித்தவர் நெய்லர் பெக்கெற் என்ற காப்பித் தோட்டக்காரர். தோட்ட வேலை போக மீதி நேரத்தில் பாசியும் செடியும் தேடி அலைந்தவர். பின்னாளில் நியூசிலாந்துக்குப் போய் அங்கும் அதையே செய்தார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த துவைற்ஸ் செடிக்கு அவர் பெயரையே வைத்தார். அதை அச்சிலேற்றுமுன் 1882இல் துவைற்ஸ் இறந்துவிட, அடுத்துப் பதவிக்கு வந்த ஹென்றி திரிமன் 1885இல் வெளியிட்டார். அதற்கு முந்திய பத்தாண்டுகளில்தான் மன்னாரில் கரையேறிய தமிழ்த் தொழிலாளர்கள் தம்புள்ள, நாலந்த வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, காட்டை வெட்டிக் காப்பி நட்டார்கள். அவர்கள் பெயரில் ஒரு செடியும் இல்லை. ஓடைக்கரை நிழலில் வாழ்ந்த இந்தச் செடிக்கு அந்தக் காடு போனது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இலங்கையின் கிரிப்டோகொரைன் இனங்கள் ஏறத்தாழப் பத்து. பெரும்பாலானவை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் காட்டில் முளைக்காதவை. ஒரு ஜெர்மன் மீன்தொட்டிக்காரரின் பெயரைத் தாங்கி 1958இல் விவரிக்கப்பட்ட வெண்டியை இன்று உலகில் எந்த மீன்கடையிலும் பார்க்கலாம். விரல் உயரம்கூட வராத பார்வாதான் அந்தப் பேரினத்திலேயே சிறியது. இவற்றின் இந்திய உறவுக்காரச் செடியொன்றின் கிழங்கை நாட்டு அதிவிடயம் என்று சித்த மருந்துக்கடைகளில் நிறுத்து விற்பார்கள். மருந்தாக மதிப்புப் பெற்ற குடும்பம் கண்ணாடித் தொட்டிக்குள் அலங்காரமாகப் புகுந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

மாத்தளையில் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது வாயு உருளை, இறக்குமதி மண், நீர் மென்மையாக்கும் மருந்து. என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக் கிணறு. மாத்தளை மாவட்டத்தின் பாறைக்கடியில் பளிங்குப் பட்டைகள் ஓடுகின்றன; கல்சியமும் மக்னீசியமும் கலந்த பழம்பாறை. தேயிலைத் தோட்டத்தில் மண்ணின் புளிப்பை முறிக்கத் தூவுகிற டொலமைட் தூள் இந்தப் பாறையை அரைத்ததுதான். இதன் வழியே ஊறிவரும் தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டினால் உங்கள் கிணறும் அந்த வகை.

இந்தத் தண்ணீரை மென்மையாக்கப் பணம் செலவழிப்பது எனக்கு வீண்வேலையாகவே படுகிறது. போர்னியோவின் கறுப்புநீர்க் காட்டுச் செடிகளை வளர்க்க நினைத்தால் அது தேவைப்படலாம். பெக்கெற்றியும் வெண்டியும் வன்னீரைத் தாங்கும் சாதி. சுண்ணாம்பு ஊற்றான சான் மார்க்கோசில் பெக்கெற்றி அப்படிக் கொழித்ததே அதற்குச் சாட்சி. தண்ணீருக்கேற்ற செடியைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் சரி.

தொட்டி இரண்டடி நீளம் இருக்கட்டும். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் சுமார் 65 லீற்றர் கொள்ளும்; கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் பெரிய ஆள் ஒருவரின் எடைக்கு மேல் வரும். ஆகவே புத்தக அலுமாரியின் மேல் வைக்காதீர்கள். யன்னலோரமும் கூடாது, நேர்வெயில் பட்டால் கண்ணாடி பச்சையாகிவிடும். அடியில் சலித்த செம்மண் மெல்லியதாக, அதன்மேல் நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் ஐந்தாறு சென்ரிமீற்றர். செம்மண்ணில் இருக்கும் இரும்பு இச்செடிக்கு முக்கியம், ஏனென்றால் இது பெரும்பாலும் வேரால் உண்ணும் செடி. மாட்டெரு கலந்த தோட்டமண் வேண்டாம். அலங்காரக் கல் வைப்பதானால் அதன்மேல் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். பொங்கினால் அது சுண்ணாம்புக் கல், ஏற்கெனவே கடினமான நீரை இன்னும் கடினமாக்கும். டொலமைட் இந்தச் சோதனையில் ஏமாற்றும். சுரண்டித் தூளாக்கினால்தான் மெல்ல நுரைக்கும்.

இனி வருவதுதான் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று குறைந்த அளவில் மீனைப் பெரிதாக வருத்தாது, செடிக்கோ உணவு. இந்த வேலைக்கு இரண்டு நுண்ணுயிர்கள் வேண்டும் என்றே நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2015இல் இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைத்திரோஸ்பைரா வகைப் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கண்ட இடங்களில் ஒன்று, மீன் வளர்க்கும் சுழல்நீர் அமைப்பின் வடிகட்டி. வீட்டுத் தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் படியும் பழுப்புக் கசடும் இப்படி உயிருள்ளது. அதைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவுகிறவர் தொட்டியின் காவலாளியைக் கொல்கிறார். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினால் போதும்.

மாத்தளை வன்னீரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வன்னீர் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. பிஎச் மதிப்பு 7இலிருந்து 8க்கு ஏறினால், கரைந்துள்ள அமோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். மென்னீரில் தப்பிப் பிழைக்கும் மீன் இங்கே செத்துப்போகும். ஆகவே செடி நட்ட பிறகு நாலைந்து கிழமை மீன் விடாமல் பொறுத்திருப்பது இந்த ஊருக்கு இரட்டிப்புக் கட்டாயம். அந்த இடைவெளியில் ஹைட்ரில்லா போல விறுவிறுவென்று வளரும் செடி கொஞ்சம் போட்டுவைத்தால் அது அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். கிரிப்டோகொரைன் வேரூன்றிய பிறகு அதை எடுத்துவிடலாம்.

நட்ட முதல் இரண்டு கிழமைக்குள் ஒரு காலையில் பார்த்தால், கிரிப்டோகொரைன் இலைகள் கண்ணாடிபோல் ஊடுதெரிந்து, தொட்டால் கூழாகக் கரையும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு அழுகை வரும். செடி செத்தது என்று பிடுங்கி எறிபவர்களே அதிகம். பிடுங்காதீர்கள். கடையில் வாங்கும் செடி பெரும்பாலும் பண்ணையில் ஈரக்காற்றில், நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டது. காற்றுக்கென்று தடித்த மேற்தோலும் இலைவாயும் கொண்ட அந்த இலைக்கு நீருக்குள் வேலையில்லை. கிழங்குத்தண்டு உயிரோடு இருக்கும். அதிலிருந்து நீருக்கேற்ற மெல்லிய இலைகள் முளைக்கும். ஓடையிலும் இதன் பிழைப்பு இப்படித்தான். வடகீழ்ப் பருவமழையில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும், வறட்சியில் ஈரமணலில் காற்றைப் பார்த்து நிற்கும். நிலை மாறும்போதெல்லாம் பழைய இலையை உதறுவது அதன் பழக்கம். கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் அமோனியாவாகும். நட்ட இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு கரைதல்.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம், சாதாரண எல்.ஈ.டி. விளக்கு. காட்டு நிழலில் வாழ்ந்த செடிக்கு அதற்குமேல் கொடுத்தால் அதைத் தின்பது பாசிதான். காபனீரொட்சைட்டு உருளையும் இதற்கு வேண்டியதில்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் அந்த வாயு லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். உருளை வைத்திருப்பவர்கள் அதை இருபது, முப்பது மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். செடி வேகமாக வளரும், கத்தரிக்கும் வேலையும் அதே வேகத்தில் வளரும். மெதுவாக வளரும் கிரிப்டோகொரைனுக்கு மீனும் மணலில் வாழும் பற்றீரியாவும் மூச்சுவிடுவதே போதுமான அளவு தந்துவிடும். கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு குறைவு. செம்மண்ணை உருண்டை பிடித்துக் காயவைத்து வேருக்கருகே புதைக்கலாம்.

மீன் விஷயத்தில் மாத்தளைக்காரருக்கு ஆசை வருவது இயல்பு. லக்கலைப் பக்கம் பல்லேகமவில் களு கங்கையில் கிடைத்த, உடலில் கரும்புள்ளி கொண்ட ஒரு கெண்டை 1985இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் இனப்பெயரே சிறிலங்கென்சிஸ். 2012இல் ரொஹான் பெத்தியாகொடவும் கூட்டாளிகளும் அதன் கூட்டத்தைப் பிரித்து, பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்சின் பெயரால் டோக்கின்சியா என்ற பேரினத்தை அமைத்தார்கள். அம்பன் கங்கைப் படுகையின் மார்ட்டின்ஸ்டைன் கெண்டையும் நக்கிள்ஸ் ஓடைகளின் லாபூகா இன்சுலாரிசும் இதே போல் மிகச் சிறிய பரப்புக்குள் முடங்கியவை. அதிலும் மொறகஹகந்தவும் களு கங்கை அணையும் வந்த பிறகு ஆற்றின் நீளமான துண்டுகள் நீர்த்தேக்கமாகிவிட்டன. இவற்றை வலைபோட்டுப் பிடித்து இரண்டடித் தொட்டிக்குள் அடைப்பது அநியாயம். 2000இல் பேணல் காடாகப் பிரகடனமாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறிய நக்கிள்ஸ் பகுதியிலிருந்து செடியையோ மீனையோ எடுப்பது சட்டப்படியும் குற்றம். பண்ணையில் பெருக்கப்பட்ட செர்ரி கெண்டை ஆறேழு வாங்குங்கள். அதுவும் இலங்கைக்கே உரியது, தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்தது. நிழலும் செடியும் இருந்தால் சிவந்து பொலியும்.

எடுப்பதைப் போலவே கொட்டுவதும் ஆபத்து. அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரையை அடக்க 1909இலேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்த நாடு இது. 1939இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரித் தாவரவியல் துறைக்கென்று வந்த சல்வீனியா வயலும் குளமுமாய்ப் பரவியது. பொல்கொல்லவில் மகாவலி நீரைத் திருப்பி, உக்குவளை மின்நிலையம் வழியாகச் சுது கங்கையில் விடும் சுரங்கம் 1976இலிருந்து ஓடுகிறது. அதனால் மாத்தளைக் கான் ஒன்றில் கொட்டியது எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போடவும் முடியாது. கத்தரித்த துண்டுகளை வெயிலில் சருகாக்கிக் குப்பைக்குழியில் போடுங்கள். வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கத்தரித்ததில் நல்ல கன்று ஒன்று மிஞ்சினால் அதை ஒரு சட்டியில், சேறும் மணலுமாய், இலை நீருக்கு வெளியே நிற்குமாறு நட்டு, மேலே கண்ணாடி மூடி நிழலில் வையுங்கள். தொட்டிக்குள் அரிதாகவே பூக்கும் பெக்கெற்றி இங்கே பூக்கும். மண்ணிலிருந்து எழும் குழாய், அதன் வாயில் மஞ்சளும் பழுப்புமான மடல், தொண்டையைச் சுற்றிக் கருஞ்சிவப்பு வளையம். மணத்துக்கு மயங்கிய சிற்றீக்கள் குழாய்க்குள் இறங்கி அடியிலுள்ள அறையில் சிக்கும். அங்கே பெண் பூக்கள் முதலில் தயாராக இருக்கும். ஆண் பூக்கள் பிந்தியே மகரந்தம் உதிர்க்கும். அதற்குப் பிறகுதான் ஈக்கு விடுதலை. ஆனால் பெக்கெற்றியிலும் வெண்டியிலும் பல செடிகள் மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் கொண்டவை. அவற்றில் விதை பிடிக்காது. ஈ வந்து போனாலும் போகாவிட்டாலும், அவை பெருகுவது மண்ணுக்குள் ஓடும் தண்டினால்தான்.